வலிக்காத இடம்

கிட்ட வாங்க கண்ணுகளா. சாரல் அடிக்கிறது, அந்தக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்காருங்கள். இன்றைக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். ராஜா இல்லை, வாள் சண்டை இல்லை. ஊசி உண்டு, நூல் உண்டு, இரண்டு பெண்கள் உண்டு. நடுவில் சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். அவர்களில் ஒருத்தியே பின்னாளில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

சட்டை தைக்கிற பட்டறை ஒன்றில் காஜா எடுக்கிறவள் ஒருத்தி இருந்தாள். சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டைக்குத்தான் காஜா என்று பேர். மிஷினுக்கு அடியில் துணியைச் சரியாகப் பிடித்து மிதித்தால், விரல் நகம் அளவுக்கு ஒரு ஓட்டையைச் சுற்றித் தைத்து நடுவில் வெட்டிவிடும். வெட்டியது வெட்டியதுதான். தையல் பிசகினால் பிரித்துத் தைக்கலாம், ஓட்டையை யார் அடைப்பது? அதனால் அந்த மிஷினில் கண்ணும் கையும் நிதானமான ஆளைத்தான் உட்கார வைப்பார்கள். பதினாறு வருஷமாக அவள் உட்கார்ந்திருந்தாள். பட்டறையில் எல்லாருக்கும் அவள் பேர் காஜா.

பதினோரு வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. வயதானவர்களுக்கு மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை இல்லை. உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிடுகிற வகை. ஊசி இல்லாமல் ஒரு நாள் ஓடாது. அம்மா அப்பா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது, ஆறு வயது மூத்த அக்கா ஊசியைக் கையில் எடுத்தாள். தொடையில் போட்டுப் பார்த்தாள், கையில் போட்டுப் பார்த்தாள். சின்னது வீடு அதிர அழுதது. ஒரு நாள் தொப்புளுக்கு இடப்பக்கம் மூன்று விரல் தள்ளிப் போட்டபோது அழவில்லை. “வலிக்கலயா?” என்றாள் அக்கா. தங்கை இல்லையென்று தலையாட்டினாள். அன்றிலிருந்து அந்த இடத்துக்கு ‘நல்ல இடம்’ என்று பேராகிவிட்டது.

காஜாவுக்குத் தானே போட்டுக்கொள்ளத் தெரியாது என்று இல்லை. மதிய ஊசியைப் பட்டறைக் கழிப்பறையில் நின்றபடி அவளே போட்டுக்கொள்வாள், அதே நல்ல இடத்தில். ஆனால் காலையும் சாயங்காலமும் அக்காதான். அடுப்பில் சோறு கொதிக்கும்போது அக்கா ஊசியோடு வருவாள், தங்கை சட்டையை ஒரு பக்கம் தூக்குவாள், இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே காரியம் முடிந்துவிடும். இருபத்தேழு வருஷம். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அக்கா, “இவளுக்கு ஊசி யாரு போடறது?” என்று ஒரே பதிலில் அடைத்துவிட்டாள். கேட்கிறவர்களுக்கு அலுத்துப்போய் அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

அக்கா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் காய் நறுக்குகிறவள். அங்கே மாவு அரைக்கிற மோட்டார் பழுதானபோது ரிப்பேர் பார்க்க ஒருவர் வந்தார். மனைவியை இழந்தவர், வெளியூர்க்காரர், வாயைத் திறந்தாலும் உடனே பூட்டிக்கொள்வார். மோட்டார் சரியான பிறகும் இரண்டு முறை வந்து, “சத்தம் ஏதாவது வருதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் முறை வந்தபோது சமையலறையே சிரித்துவிட்டது.

“நாப்பத்துநாலு வயசுல எனக்கு என்னடீ கல்யாணம்?” என்றாள் அக்கா, வீட்டில் தங்கையிடம்.

“அவருக்கு மட்டும் என்ன இருபதா? மோட்டாருக்குச் சத்தம் வருதான்னு கேக்க எட்டு மணி நேரம் பஸ்ஸுல வர்ற மனுஷன் வேற கிடைப்பாரா உனக்கு?”

“உன்னை யாரு பாத்துப்பா?”

“எனக்கு முப்பத்தெட்டுக்கா. ஊசியைத் தலைகீழாவா போட்டுக்கப் போறேன்?”

ஒரு மாதம் இழுபறி. கடைசியில் அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் ஒரு ரத்தம் எடுப்பார்கள். அன்றைய சர்க்கரையைச் சொல்லுகிற ரத்தம் இல்லை அது. மூன்று மாதமாக உள்ளே என்ன நடந்தது என்று ஒரே எண்ணில் போட்டுக்கொடுத்துவிடும். ஏழு நல்லது. அவளுக்கு எப்போதும் ஒன்பதும் ஒன்பதரையும்தான்.

“ஆறு மாசம் தர்றேன்” என்றாள் அக்கா. “எட்டுக்குள்ள வரணும். வரலேன்னா பெட்டியோட வந்துடுவேன். அவருகிட்டயும் சொல்லிட்டேன். அப்புறம் திரும்பப் போக மாட்டேன், பாத்துக்க.”

சொன்னால் செய்கிறவள். காஜாவுக்கு அது தெரியும்.

கல்யாணம் முடிந்து அக்கா போன மறுநாள் காலை, சோறு கொதிக்கும்போது காஜா சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பிறகுதான் ஊசி தன் கையிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது.

ஒற்றை ஆள் இருக்கிற வீடு எப்படியிருக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். அதுதான் அதில் பெரிய கஷ்டம். எதிர்க் கட்டிலில் அக்காவின் மெத்தை சுருட்டி வைத்தபடி இருந்தது. சாயங்காலம் பட்டறை விட்டு வந்தால், மறுநாள் காலை பஸ்ஸில் “ஒரு டிக்கெட்” என்று சொல்லும்வரை வாய்க்கு வேலை இல்லை. விரலில் குத்தி, சுகர் மிஷினில் ரத்தத்தை வைத்து, வருகிற எண்ணை அவள் உரக்கச் சொல்லுவாள். “இருநூத்தி முப்பது.” முன்பெல்லாம் சமையலறையிலிருந்து, “ஏன், பன்னு தின்னியா?” என்று குரல் வரும். இப்போது குழாய் சொட்டுகிற சத்தம் வந்தது.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. சோற்றைத் தராசில் நிறுத்துத் தின்றாள். பட்டறையில் யார் பிறந்தநாள் கேக் நீட்டினாலும், “பல்லு வலி” என்று ஒதுங்கினாள். தனக்கு இந்த வியாதி இருக்கிறதென்று அங்கே யாரிடமும் சொன்னதில்லை; காஜா மிஷினிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஒரு ஊசி தப்பவில்லை. எல்லாம் நல்ல இடத்தில்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். பத்து புள்ளி ஒன்று.

போனில் அக்கா, “குட்டி, எங்கிட்ட உண்மையைச் சொல்லு. என்ன சாப்பிடறே?” என்றாள்.

“எழுதி வச்சிருக்கேன்கா. படிக்கட்டுமா?”

“எழுதறதை யாரு வேணா எழுதலாம்.”

அந்த ஒரு வார்த்தை அவளை அறுத்துவிட்டது. பட்டினி கிடந்தவளைப் பார்த்துத் திருடித் தின்றாயா என்று கேட்டது போல. போனை வைத்துவிட்டு வெறும் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். கவிழ்த்த தட்டை எடுத்து மறுபடி கழுவினாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு நர்சம்மா இருந்தாள். பருமனான உடம்பு, குளிர்ந்த கை. நோட்டைப் புரட்டினாள், பெரிய கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. “ஊசி போடற இடத்தைக் காட்டுங்க” என்றாள்.

காஜா சட்டையைத் தூக்கினாள். நர்சம்மா விரலால் அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு, ரொட்டி மாவு பதம் பார்க்கிறவள் மாதிரி அழுத்தினாள்.

“எத்தனை வருஷமா இங்கயே போடறீங்க?”

“இருபத்தேழு. வலிக்கவே வலிக்காது சிஸ்டர்.”

“எப்படி வலிக்கும்? இங்க தொடுங்க. இப்ப அந்தப் பக்கம் தொடுங்க.”

தொட்டாள். வலப்பக்கம் மெத்தென்று இருந்தது. இடப்பக்கம் தோலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் பாதி வெட்டிக் கவிழ்த்தது போல ஒரு மேடு, ரப்பர் மாதிரி. இத்தனை நாள் அவளும் அக்காவும் அதைத் தொப்பை என்றுதான் நினைத்திருந்தார்கள். அக்கா அதைத் தட்டி, “என் சமையல் வளத்தது” என்று பெருமைகூடப் பட்டிருக்கிறாள்.

“ஒரே இடத்துல குத்திக் குத்திக் கொழுப்பு கட்டிப் போச்சு. உள்ள போற மருந்து அங்கயே தங்கிடுது. ஒரு நாள் கொஞ்சம் ஏறும், ஒரு நாள் ஏறாது. நீங்க பட்டினி கிடந்தும் பத்து வந்ததுக்கு இதான் காரணம். யாரு போட்டுவிட்டாங்க?”

“எங்கக்கா.”

“அவங்க மேல தப்பில்ல. பாசமா இருக்கறவங்க வலிக்காத இடமாத்தான் தேடுவாங்க.” நர்சம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். “இனிமே அந்தப் பக்கமே போகாதீங்க. தினம் ஒரு புது இடம், இடத்துக்கு இடம் ஒரு விரல் தள்ளி. வலிக்கும். முக்கியமான விஷயம், புது இடத்துல மருந்து முழுசா ஏறும். பதினாலு யூனிட் போடறீங்கல்ல? பதினொண்ணுலேருந்து ஆரம்பிங்க. டாக்டர் சீட்டுலயும் எழுதியிருக்காரு.”

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் அந்த மேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தாள். அக்காவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவாள்? நீ போட்ட இடம்தான் என்னை இத்தனை வருஷம் கெடுத்தது என்றா?

பட்டறையில் ஒரு அட்டை உண்டு. சட்டையின் முன்பக்க நீளத்துக்கு வெட்டி, காஜா வரவேண்டிய இடங்களில் துளை போட்டு வைத்திருப்பார்கள். துணி மேல் வைத்துச் சாக்கட்டியால் புள்ளி குத்தினால் எல்லாச் சட்டைக்கும் இடைவெளி பிசகாது. அன்று சாயங்காலம் காஜா பழைய காலண்டர் அட்டையை எடுத்தாள். தொப்புளுக்கு ஒரு வட்டம் வெட்டி, அந்தக் கட்டிப்போன பகுதியை மட்டும் விட்டுவிட்டு, ஒரு விரல் இடைவெளியில் துளை போட்டாள். தொடைக்கு வேறொரு அட்டை. துளைக்கு ஒரு எண். தன் வயிற்றுக்கே சட்டை தைக்கப்போகிறவள் போல அளவெடுத்தாள்.

அட்டை வெட்டியதில் குறை இல்லை. மருந்து அளவில்தான் புத்தி கோணிக்கொண்டது. ‘பத்தில் நிற்கிறது, எட்டுக்கு வரணும், மூன்று மாதம்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் மருந்தைக் குறைப்பார்களா யாராவது?’ என்று நினைத்தாள். திங்கட்கிழமை காலை அட்டையின் ஒன்றாம் துளையில் பதினாலையும் போட்டுக்கொண்டாள். சுருக்கென்று வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

காஜா மிஷினுக்கு அடுத்தது பட்டன் மிஷின். அதில் இருந்தவளுக்கு ரேடியோ என்று பேர். காரணம் நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து மணி வாக்கில் ரேடியோவின் பேச்சு திடீரென்று நின்றது.

“காஜா, என்ன இது?”

காஜா மிதித்துக்கொண்டே இருந்தாள்.

“ஏ காஜா, இடப்பக்கமும் ஓட்டை, வலப்பக்கமும் ஓட்டை. ரெண்டு பக்கமும் ஓட்டையா இருந்தா நான் பட்டனை எங்க வைக்கறது? போடறவன் நெத்தியிலயா?”

ஏழு சட்டை அப்படி வந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால் ஒவ்வொரு காஜாவும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

மேஸ்திரி வந்தார். “என்னம்மா, வீட்டு ஞாபகமா?” என்றார். காஜா நிமிர்ந்து, “உங்களுக்கு என்ன தெரியும்? எல்லாம் அளவெடுத்துத்தான் வெட்டியிருக்கேன்” என்றாள். பதினாறு வருஷத்தில் அவள் அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. முகம் முழுக்க வேர்த்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள், கால் மடங்கித் துணிக்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“சக்கரை” என்றாள். “பையில... சக்கரை.”

ரேடியோ பையைக் கவிழ்த்தாள். ஊசி விழுந்தது, சுகர் மிஷின் விழுந்தது, ஒரு பொட்டலம் சர்க்கரை விழுந்தது. ரேடியோ ஊசியையும் சர்க்கரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“ஐயையோ, இவளுக்குச் சக்கரை வியாதி. இதுல சக்கரையை வேற ஒளிச்சு வச்சுத் திங்கறா பாரு.”

“தூரப் போடு அதை” என்றார் மேஸ்திரி. “எங்க மாமாவுக்குச் சக்கரையைக் கண்ணுலயே காட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கு.”

பார்த்தீர்களா கண்ணுகளா. ஊசி மருந்து கூடிப்போய் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டால், வாயில் போடுகிற சர்க்கரைதான் மருந்து. அந்த மருந்து கையில் இருக்கிறது, அதை விஷம் என்று தூக்கி எறியப் பார்க்கிறார்கள். கெட்டவர்கள் இல்லை, யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அவளே சொல்லியிருக்க வேண்டும், பதினாறு வருஷமாகச் சொல்லவில்லை.

நல்ல வேளை, ரேடியோ போனை எடுத்து ‘அக்கா’ என்றிருந்த பேரை அமுக்கினாள். அந்தப் பக்கத்துக் குரல் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

“சக்கரையை வாயில போடுங்க. யோசிக்காதீங்க. தண்ணியில கரைச்சாவது குடுங்க. அவ முழுங்கறாளா? முழுங்கறாளான்னு பாத்துச் சொல்லுங்க.”

“முழுங்கறா, முழுங்கறா” என்று ரேடியோ அழுதுகொண்டே சொன்னாள்.

கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. முதலில் தெரிந்தது சட்டைகள், ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்து, “இதை யாரு போட்டது?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி அந்த ஏழு சட்டையையும் துடைக்கிற துணிக்கு எடுத்து வைத்துக்கொண்டார். “மிஷினை விட்டு எடுத்துடுவீங்களா?” என்று கேட்டாள். “எடுத்தா வேற யாரு இருக்கா?” என்றார் அவர். “ஆனா இனிமே எதையும் மூடி வைக்காதே தாயே. எனக்கும் இதயம்னு ஒண்ணு இருக்கு.”

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். “டிக்கெட் எடுக்கப் போறேன்.”

“வேண்டாம்கா. மருந்தைக் குறைக்கச் சொன்னாங்க, நான்தான் குறைக்கல. என் தப்பு.”

“எதுக்குக் குறைக்கச் சொன்னாங்க?”

“இடம் மாத்தியிருக்கு. புது இடத்துல நல்லா ஏறுமாம்.”

“நல்ல இடத்துக்கு என்ன ஆச்சு?”

காஜா ஒரு கணம் யோசித்தாள். “அதுக்கு லீவு குடுத்திருக்கு” என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. “அடுத்த ரத்தம் வரைக்கும்தான். எட்டுக்குள்ள வரலேன்னா, கதை பேசாம கதவைத் திற.”

பிறகு வந்த மாதங்களைச் சொல்ல ஒன்றும் இல்லை, அத்தனை ஒரே மாதிரி. விரலில் ஒரு நாளைக்கு ஏழு குத்து. பதினொன்று, பிறகு பத்து, சில நாள் மறுபடி பதினொன்று. நர்சம்மா சொன்னபடி ஏற்றமும் இறக்கமும். துளை ஒன்று, துளை இரண்டு, துளை மூன்று. பட்டறையில் ரேடியோ தினம் பத்து மணிக்கு, “இன்னைக்கு எத்தனாம் நம்பர் ஓட்டை?” என்று நான்கு வரிசைக்குக் கேட்கிற மாதிரி கேட்பாள். காஜா, “பதினேழு” என்பாள். வரிசையே, “பதினேழு” என்று திருப்பிச் சொல்லும். அவள் மிஷின் மேல் யாரோ ஒரு சர்க்கரை டப்பா வைத்துவிட்டிருந்தார்கள்.

ஆனால் ஐந்து மணிக்கு மிஷின்கள் நின்றுவிடும். எல்லாருக்கும் ஒரு வீடு, வீட்டில் சத்தம். அவளுக்கு அட்டையும் தராசும். மழைக்காலம் வந்தது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, “நூத்தி நாப்பத்திரண்டு” என்று உரக்கச் சொல்லுவாள். நல்ல எண்தான். நல்ல எண்ணைச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டும், கண்ணுகளா. கெட்ட எண் என்றால் தனியாகவே அழுதுகொள்ளலாம். சில சாயங்காலங்களில் அக்காவின் மெத்தையை விரித்து, தூசி தட்டி, மறுபடி சுருட்டி வைப்பாள். எதற்கு என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

ரத்தம் கொடுத்து, முடிவு வாங்குகிற சனிக்கிழமை மத்தியானம் வந்தது. நர்சம்மா தாளோடு ஓடிவந்தாள். “பத்திலேருந்து எங்க வந்திருக்கீங்க பாருங்க.”

எட்டு புள்ளி ஒன்று.

டாக்டர் எழுந்து நின்று கைகொடுத்தார். “இப்படியே போனா அடுத்த ரத்தத்துல ஏழரை” என்றார். அவர்களுக்கு அது பெரிய வெற்றி. அவள் மட்டும் அந்தக் கடைசிப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டுக்குள் வரவில்லை. அப்படியானால் அக்கா வருவாள்.

அப்போது நெஞ்சுக்குள் ஒன்று துள்ளியது. சந்தோஷம். கதவைத் திறந்தால் பெட்டியோடு அக்கா. அடுப்பில் சோறு கொதிக்கும், சமையலறையிலிருந்து குரல் வரும். பொய் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். துள்ளியதைத் தானே பார்த்து அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

பஸ் நிறுத்தத்தின் கூரைக்கு அடியில் நின்று போன் போட்டாள். மழை தகரத்தில் அடித்தது.

“சொல்லு” என்றாள் அக்கா. பக்கத்தில் ஏதோ மோட்டார் ஓடி நின்றது. மாமாவின் குரல், “எவ்வளவாம்?” என்று கேட்டது. வாயைப் பூட்டுகிற மனுஷன் கேட்டார்.

“எட்டு புள்ளி ஒண்ணு.”

“அப்ப எட்டுக்குள்ள இல்ல.”

“இல்ல.”

“நாளைக்குக் காலைல பஸ் இருக்கு. ஏறிடறேன்.”

“வராதேக்கா.”

“சொன்ன சொல் இருக்குல்ல?”

“அது நீ சொன்னது. வராதேன்னு இப்ப நான் சொல்றேன். பார்க்க வா, நாலு நாள் இரு. பெட்டியோட வராதே.”

“நான் வந்தா உனக்குப் பிடிக்காதா குட்டி?”

“பிடிக்கும்கா. ரொம்பப் பிடிக்கும். அதனாலதான்.”

மழை வலுத்தது. ஒரு பஸ் வந்து, நின்று, அவள் ஏறாததால் போய்விட்டது.

“புது இடம் வலிக்குதா?” என்று அக்கா கேட்டாள்.

“வலிக்குது.”

“போகப் போகப் பழகிடும்.”

“பழக விடக் கூடாதாம்கா” என்றாள் காஜா. “பழகிட்டா இடத்தை மாத்தணுமாம்.”

அக்காவுக்கு எதுவோ விளங்கிற்று. இருபத்தேழு வருஷத்து எதுவோ. “சரி” என்றாள். “மாமா சாப்பாட்டுக்கு உக்காந்துட்டாரு. வச்சிடவா?”

“வை.”

இரண்டு பேரில் யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியாது. காஜா அடுத்த பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வீடு வரை ஈர ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனாள்.

போதும் கண்ணுகளா, எழுந்திருங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்களில் உடம்புக்கு முடியாதவர்கள் கேட்ட நேரத்தில் பதில் சொல்ல ஒரு குரல் பக்கத்தில் இருக்கட்டும். தூரத்தில் போய்விட்டவர்கள் அங்கேயும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கட்டும். உங்கள் பிள்ளைகுட்டிகளின் ரத்தம் சுத்தமாக ஓடட்டும். நன்றாக இருங்கள்.